மணவூர் வரை என் முறை

காலையில் திருத்தணியிலிருந்து புறப்படும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியின் எதிரெதிர் இருக்கைகள் இரண்டு ஆறு பேருக்குச் சொந்தம். பட்டா மட்டும்தான் இல்லை. சென்னை அலுவலகத்துக்கு மாற்றலானதும் நான் ஏழாவதாகப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் தெருவில் இருக்கும் நர்ஸ்தான் கூப்பிட்டாள்.

ஆறு பேரில் ஒருத்தி மலைக்கோயில் மடைப்பள்ளிக் குடும்பத்துப் பெண். அவளுக்கு முட்டை வாசனை ஆகாது. அதனால் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய் கறிக்குழம்பு வைக்கும் நர்ஸின் டப்பாவில்கூட ரயிலில் முட்டை இருக்காது. யாரும் போட்ட சட்டமில்லை, தானாக வந்தது. இன்னொரு வழக்கமும் அப்படித்தான். ஆள் கூடினால் ஓரிரு ஸ்டேஷனுக்கு ஒருத்தி என்று முறை வைத்து நிற்பார்கள்.

எனக்கு அது தெரியாது. முதல் நாள் ஆறு பேரில் இளையவளான அம்மையார்குப்பத்துப் பெண் எழுந்து, "உக்காருங்கக்கா" என்றாள்.

"பரவாயில்லம்மா, நீ உக்காரு" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பண்பைக் காட்டிவிட்ட பெருமை வேறு. அவளும் உட்காரவில்லை. அரக்கோணத்தில் ஏறிய ஓர் அம்மாள் அந்த இடத்தில் உட்கார்ந்தவர்தான், சென்ட்ரல் வரை அசையவில்லை. எங்கள் கூட்டத்தில் பேச்சே அடங்கிவிட்டது.

மறுநாள் வெட்கப்பட்டு வேறு பெட்டியில் ஏறினேன். ஜன்னலோர இடமே கிடைத்தது. இட்லியைத்தான் தனியாகத் தின்ன வேண்டியிருந்தது. இந்த வயதில் ஆறு பேரோடு ஒட்டத் தெரியவில்லையே என்று அழுகை வந்தது.

மூன்றாம் நாள் நர்ஸ் பிளாட்பாரத்திலேயே கையைப் பிடித்தாள். "இன்னாங்க இது, நீங்க ஒருத்தரே நின்னுகினு வந்தா நாங்க எப்படி நிம்மதியா உக்கார்றது? உங்க எடத்துல என் பைய வெச்சிட்டு வந்துகிறேன், வாங்க."

போய் உட்கார்ந்தேன். கூச்சம் போகவில்லை. எனக்காக நின்றவள் மடைப்பள்ளி வீட்டுப் பெண். திருவாலங்காடு வந்ததும் என் தோளைத் தட்டினாள்.

"எழுந்திரு, எழுந்திரு. மணவூரு வரைக்கும் நீதான். எனக்கு காலு கடுக்குது."

எழுந்து நின்றேன். உட்கார்ந்திருப்பவர்கள் எப்போதும் மூன்று மூன்று பேராகப் பிரிந்து பேசுவார்கள். இரண்டு பேச்சும் நிற்பவளுக்குத்தான் கேட்கும். பதவி உயர்வு ஆணை வாங்கிய நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மணவூர் தாண்டியும் நின்றுகொண்டிருந்ததற்கு ஆறு பேரிடமும் திட்டு வாங்கினேன்.