கல்பனாவின் மத்தியான ஆட்டம்

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து பெரியபாளையம் போகிற சாலையில், லாரிப் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் சந்தில், டெய்லர் கல்பனா வீடு எது என்று கேட்டால் யாராக இருந்தாலும் கை காட்டுவார்கள். ரவிக்கை தைப்பாள். கழுத்து வெட்டு சுத்தமாக இருக்கும். சொன்ன நாளில் கொடுத்துவிடுவாள். அதிகம் பேசமாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து புருஷன் வீட்டார் முன்னால் அவள் குரல் உயர்ந்ததை யாரும் கேட்டதில்லை.

புருஷன் அன்புசெல்வன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். 2003-ல், ஒரு நாள் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன், கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துவிட்டான். தூங்குகிறான் என்றுதான் பக்கத்தில் இருந்தவர் நினைத்தாராம். புதுவாயலில் இறங்கச் சொல்லி எழுப்பும்போதுதான் தெரிந்தது. பிள்ளைகள் இல்லை. கல்பனாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது.

காரியத்துக்கு வந்த உறவெல்லாம் கிளம்பிப் போன பிறகு வீட்டில் அவளும் தையல் மிஷினும் ஒரு கம்ப்யூட்டரும் மிஞ்சினார்கள். ஆபீசில் எல்லாம் கம்ப்யூட்டராகப் போகிறது, கற்றுக்கொள்ளாவிட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் அன்புசெல்வன் வாங்கிப் போட்டது அது. அவளைத் தூசி துடைக்கக்கூட விடமாட்டான். "ஒயர இழுத்துடப் போற, நவுரு" என்பான். பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்தி வைத்திருப்பான்.

அந்தத் துணியை நாலைந்து மாதம் கழித்துத்தான் அவள் எடுத்தாள். வேறு ஒன்றுமில்லை, துவைக்கலாம் என்று எடுத்தாள். எடுத்தவள் சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள். பக்கத்தில் கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாகக் கொடுத்த சிடி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. பன்னிரண்டாவது வரை படித்தவள். திரையில் வந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்து, படித்ததற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கிக்கொண்டே போனதில் ஒரு ஆட்டம் திறந்துகொண்டது. 'இது இலவசம். யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், விற்கக் கூடாது' என்று முதலில் ஒரு அறிவிப்பு. பிறகு கறுப்புத் திரையில் மேலேயிருந்து ஒரு சிவப்புக் கட்டை மெதுவாக இறங்கியது.

கட்டைகளில் சதுரம் உண்டு, நீட்டம் உண்டு, கோணல்மாணலாக வளைந்தவையும் உண்டு. அம்புக்குறி பட்டனை அமுக்கித் திருப்பலாம், நகர்த்தலாம். ஒரு வரிசை இடைவெளி இல்லாமல் நிரம்பினால் 'டிங்' என்று சத்தம் வந்து அந்த வரிசை மறைந்துவிடும். நிரம்பாமல் ஏறிக்கொண்டே போய் மேலே முட்டினால் ஆட்டம் முடிந்தது. முதல் தடவை என்ன ஏது என்று புரிவதற்குள் முட்டிவிட்டது. மறுபடி ஆடினாள். மறுபடி முட்டியது. "போடா" என்று அதைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன பிறகுதான், அந்த வீட்டுக்குள் தான் வாயைத் திறந்து எத்தனையோ நாளாயிற்று என்பது உறைத்தது.

அதிலிருந்து தினமும் மத்தியானம் ஆடினாள். காலையில் தையல், சாப்பாடு, பிறகு ஆட்டம், நாலு மணிக்கு மேல் மறுபடி தையல். துணி தைக்க அளவு பார்த்துப் பழகிய கண் என்பதாலோ என்னவோ, சீக்கிரமே கை வேகம் பிடித்துக்கொண்டது. ஆடும்போது சத்தமாகப் பேசுவாள், திட்டுவாள். ஒரே கட்டையில் நாலு வரிசை ஒன்றாக மறைந்தால் வாய்விட்டுச் சிரிப்பாள்.

அப்படிச் சிரித்த ஒரு மத்தியானம்தான் அவளுடைய ஓரகத்தி மணியம்மாள், அன்புசெல்வனின் அண்ணன் மனைவி, வாசலில் வந்து நின்றாள். ஆரணி ஆற்றுப் பக்கம் அவர்களுக்கு நெல் நிலமும் வீடும் இருந்தன. புழுங்கலரிசி கொஞ்சம் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். தாலி அறுத்தவள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு, உள்ளே யார் இருக்கிறார்களோ என்று அவளுக்கு நெஞ்சு பதறிவிட்டது. எட்டிப் பார்த்தால் கல்பனா மட்டும்.

"இன்னாடி இது?"

"கேமு அக்கா. உக்காருங்க, இத முடிச்சிட்டு வரேன்."

மணியம்மாள் உட்காரவில்லை. அரிசியை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் புருஷன் அருணாச்சலத்திடம் சொன்னாள். அங்கிருந்து பங்காளிகள் வீடு, சம்பந்தி வீடு என்று சேதி பரவியது. பரவப் பரவ வளர்ந்தது. கல்பனா பாட்டுப் போட்டுக்கொண்டு ஆடுகிறாள் என்று ஒருத்தி சொன்னாள். 'ஆடுகிறாள்' என்ற வார்த்தை ஒன்றே போதுமாக இருந்தது அவர்களுக்கு.

சொன்னது மணியம்மாளுக்கே உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த வாரம் மறுபடி வந்தாள். ஒரு வழியும் யோசித்துக்கொண்டு வந்தாள்.

"அவரு ரொம்பப் பேஜாரு பண்ணிக்கினு இருக்காரு கல்பனா. நீ ஒண்ணு பண்ணு. இது தம்பி ஆடின ஆட்டம், அவரு ஞாபகமா ஆடறேன்னு சொல்லிடு. எல்லாரும் வாய மூடிக்கினு போய்டுவாங்க."

கல்பனா ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள். "அவரு ஒரு நாளும் இத ஆடினதில்ல அக்கா. இப்டி ஒண்ணு உள்ள இருக்குதுன்னே அவருக்குத் தெரியாது."

"தெரிலன்னா இன்னா, சொல்லு. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"எனக்குப் புடிச்சிருக்கு, ஆடறேன். அதுக்கு அவர எதுக்கு இழுக்கணும்?"

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அருணாச்சலமே வந்துவிட்டார். சாலமோன் என்பவனின் லோடு ஆட்டோவைப் பேசிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. தம்பியின் கடைசிக் காரியத்தை அவர்தான் முன்னின்று செய்தார். ஊர் வாயிலிருந்து தம்பி பெண்டாட்டியைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவர் நம்பினார். உள்ளே வந்தவர் நாற்காலியில் உட்காராமலே பேசினார்.

"கல்பனா, இந்தப் பொட்டி இனிமே இங்க வேணாம். நம்ம ஊட்ல இருக்கட்டும். சாலமோன் தூக்கிக்கினு வருவான்."

கல்பனா அப்போதுதான் ஆட்டத்தை ஆரம்பித்திருந்தாள். எழுந்து நின்றுதான் அவரிடம் பேசுவது வழக்கம். இன்று எழவில்லை.

"இந்த ஆட்டம் முடியட்டும் மாமா."

சின்னப் பிள்ளைகள் கேட்கிற மாதிரி கேட்கிறாள், இரண்டு நிமிஷம்தானே என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் நிழல் திரையில் விழுந்தது. அதில் கல்பனாவுக்குக் கவனம் சிதறி இரண்டு கட்டைகள் தப்பாக விழுந்து, பாதித் திரைக்கு மேல் ஏறிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒவ்வொன்றாகத் திருப்பி ஓரத்தில் இறக்கினாள். டிங். இன்னொரு வரிசை. டிங். மெல்ல மெல்லத் தரை தெரிந்தது.

பெட்டியைத் தூக்க உள்ளே வந்த சாலமோன் திரையைப் பார்த்தபடி நின்றுவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குச் சூட்சுமம் பிடிபட்டது.

"அக்கா, அந்த நீட்டு வருது பாரு, ஓரத்துல உடு... ஆங்! போச்சு பாரு நாலும்!"

"ஏய், ஒயரப் புடுங்குடா" என்றார் அருணாச்சலம்.

"ஆடிக்கினு இருக்காங்களே நைனா, நடுவுல எப்டிப் புடுங்கறது?"

வாசலில் வெயில் நகர்ந்தது. கட்டைகள் மழை மாதிரி விழ ஆரம்பித்தன. அவள் அதுவரை அந்த வேகத்துக்குப் போனதே இல்லை. கடைசியில் ஒரு கோணல் கட்டை இடம் கிடைக்காமல் குறுக்கே உட்கார, அடுத்தது மேலே முட்டியது. ஆட்டம் முடிந்தது.

கல்பனா எழுந்தாள். கம்ப்யூட்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"முடிஞ்சிச்சி மாமா. ஆனா பொட்டிய உடமாட்டேன்."

"உன்ன யாரு கேட்டாங்க? ஊரு இன்னா பேசுதுன்னு தெரியுமா? புருஷன் செத்து ஒரு வருஷம் ஆவல, பல்லக் காட்டிச் சிரிச்சிக்கினு..."

"சிரிச்சேன் மாமா. நல்லா இருந்திச்சி, சிரிச்சேன். அவரு போனப்போ எல்லாரும் என்னச் சுத்தி உக்காந்துக்கினு பொட்ட அழிச்சீங்க, வளையல ஒடச்சீங்க. நான் கைய நீட்டிக்கினு உக்காந்திருந்தேன். ஒரு வார்த்த பேசல. இத எடுத்தா பேசுவேன். கத்துவேன். சந்துல இருக்கற அத்தினி பேரும் வந்து பாக்கட்டும், அண்ணங்காரரு தம்பி ஊட்லேர்ந்து சாமான் தூக்கிக்கினு போறத."

அருணாச்சலத்தின் முகம் சுண்டிவிட்டது. இத்தனை வார்த்தை அவள் வாயிலிருந்து வரும் என்று அவர் நினைத்ததே இல்லை. "அப்ப எங்க ஊட்டு வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். சாலமோன் காலி வண்டியைக் கிளப்பினான். போகிறபோது தலையை வெளியே நீட்டி, "நல்லா ஆடற அக்கா" என்றான்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, கல்பனா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பயந்துதான் அழுதாள். உறவு என்று அவளுக்கு இருந்தது அருணாச்சலத்தின் வீடு ஒன்றுதான். ஆனால் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கவில்லை.

வருஷத் திதி வந்தது. அருணாச்சலம் ஊரிலேயே ஏற்பாடு செய்தார். அவளுக்குச் சொல்லியனுப்பவில்லை. தேதி அவளுக்குத் தெரியாதா? வெள்ளைப் புடவை உடுத்தவில்லை. அவளிடம் இருந்ததில் நல்ல புடவை, மயில் கழுத்து நிறத்தில் ஒன்று, அதைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். வாசப்படியை மிதித்து உள்ளே போய், படத்துக்கு எதிரில் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். அருணாச்சலம் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்துப் பேர் இருக்கும்போது எழுந்து போ என்று சொல்ல அவரால் முடியவில்லை.

பந்தியில் ஒரு சொந்தக்காரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். "இன்னும் அந்த ஆட்டம் ஆடறியாமே?"

"ஆடறேன். தெனமும்" என்றாள் கல்பனா. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

மணியம்மாள் யாரையும் கேட்காமல் அவள் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றிவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஜாக்கெட் தைக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு மணியம்மாள் புதுவாயலில் வந்து இறங்கினாள். துணியைக் கொடுத்தாள், அளவு கொடுத்தாள், காபி குடித்தாள், இருந்தும் கிளம்பவில்லை. கடைசியில், "அது இன்னாதான், காட்டு பாக்கலாம்" என்றாள். கல்பனா நாற்காலியைக் காலி செய்து கொடுத்தாள். வயலில் வேலை செய்து தடித்த விரல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டனை அமுக்கியது. "சனியன், எங்க போய் உக்காருது பாரு!" என்று கத்தினாள். முட்டிய பிறகு, "இன்னொரு தபா" என்றாள்.

அருணாச்சலம் அதன் பிறகும் பல வருஷம் கல்பனாவோடு பேசவில்லை. பண்டிகைக்கு அரிசி மட்டும் வந்துகொண்டிருந்தது. அது யார் அனுப்புவது என்று அவளும் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் ஒரு மழைக்காலத்து இடியில் கருகிப் போனது. கல்பனா தைத்துச் சேர்த்த காசில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை துணி போர்த்தவில்லை. மத்தியானம் துணி கொடுக்க வருகிறவர்கள் கொஞ்சம் காத்திருந்துதான் ஆக வேண்டும், அது சந்தில் எல்லோருக்கும் தெரியும்.