நீலக் கேனில் ஊற்றிய எண்ணெய்

சென்ற ஐப்பசி மாதம், ஏற்காடு மலையில் வெள்ளக்கடைப் பக்கம் நடந்தது இது. அடைமழையால் எஸ்டேட் வேலை நின்றுபோய், கூலிக் குடும்பங்கள் வீட்டில் முடங்கிக் கிடந்தன. சேலத்தில் எங்கள் சர்ச் சார்பில் ஏழைகளுக்கு உதவும் குழு ஒன்று உண்டு. நானும் அதில் இருக்கிறேன். வழக்கமாக டவுனுக்குள்ளேயே சுற்றும் நாங்கள், அந்த முறை வேன் பிடித்து மலை ஏறினோம்.

அரிசி, பருப்பு எல்லாம் பாக்கெட். எண்ணெய் மட்டும் ஒரு மில்காரர் டின்னாகக் கொடுத்திருந்தார். அதனால், "பாத்திரம் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, கரண்டியும் கையுமாக நான் உட்கார்ந்துகொண்டேன். தூக்கு வந்தது, பாட்டில் வந்தது. இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், லேபிள் உரிந்த நீலக் கேன் ஒன்றை நீட்டினார்.

"என்ன கேன்ம்மா இது?"

"மருந்து கேனுங்க அக்கா. நொம்ப நல்லாக் கழுவிட்டனுங்க."

எனக்கு மருந்து என்றால் இருமல் டானிக்தான். ஏதோ ஆஸ்பத்திரிக் கேன் என்று நினைத்து ஊற்றினேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்ததால் ஒரு கரண்டி கூடவே ஊற்றினேன்.

எல்லாம் முடிந்து கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில், மழை விட்ட நேரம் பார்த்து, எஸ்டேட் கேட் அருகே ஒருவர் டிரம்மில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அதே மாதிரி நீலக் கேன். இதில் லேபிள் இருந்தது, மண்டை ஓட்டுப் படத்தோடு. வேனை நிறுத்தச் சொல்லி, அது என்னவென்று கேட்டேன்.

"மருந்துங்க. காபிச் செடிக்கு அடிக்கிற பூச்சி மருந்து. காலிக் கேனை ஆராச்சும் ஊட்டுக்குக் கொண்டு போயிருவாங்க, தண்ணி கிண்ணி புடிச்சு வெக்க."

கழுவினால் போகிற சமாச்சாரமா அது? உடனே வேனைத் திருப்பச் சொன்னேன். அந்தக் குழந்தையின் சிரிப்புதான் கண்ணுக்குள் நின்றது. 'ஆண்டவரே, இன்னும் அடுப்பு பற்ற வைத்திருக்கக் கூடாது' என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனேன்.

அந்தப் பெண்ணின் வீட்டை விசாரித்துக்கொண்டு ஓடினேன். உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே வாணலி காய்ந்துகொண்டிருக்க, பெரிய பெண் பிள்ளை தட்டோடு காத்திருந்தாள். தாய் மட்டும் அடுப்பருகே இல்லை. சுவரோரம் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, அகல் விளக்கில் எண்ணெய் விடக் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஒரே பாய்ச்சலில் போய்ப் பிடுங்கினேன். மூச்சு இரைத்ததில் ஒரு வார்த்தை வெளியே வரவில்லை.

அவர் குழந்தையை அணைத்துக்கொண்டு சுவரோடு ஒடுங்கினார்.

"ஏனுங்க அக்கா, எங்க மலைச்சாமி சேர்வராயனுக்கு மொதல்ல ஒரு சொட்டு ஊத்திட்டுத்தான் சமையலுக்கு எடுப்பமுங்க. அது தப்புங்களா? உங்க சாமி கோவிச்சுக்குமுங்களா? வெளக்கு வேண்டாமுங்க, நான் ஏத்தல. எண்ணெயைத் திருப்பி எடுத்துக்காதீங்க. புள்ளைங்க பசியா இருக்குதுங்க."

நான் ஓடி வந்ததை அவர் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்!

விஷயத்தைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அவர் அந்தக் கேனையே பார்த்தார். "நல்லாத்தானுங்க கழுவுனேன், நல்லாத்தானுங்க கழுவுனேன்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வீட்டுக்குப் பின்னால் தள்ளிப் போய்க் குழி தோண்டி, எண்ணெயைக் கேனோடு புதைத்தோம். டின்னில் மிச்சமிருந்ததை அவருடைய சொம்பில் ஊற்றி, "முதல்ல விளக்கை ஏத்துங்கம்மா" என்றேன். ஏற்றினார். ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, பயந்துகொண்டேதான் ஏற்றினார்.

சாமிக்கு ஒரு சொட்டு என்று அவர் உட்கார்ந்த அந்தக் கொஞ்ச நேரம்தான் பிள்ளைகளைக் காப்பாற்றியது. இப்போது நாங்கள் பாக்கெட் எண்ணெய் தவிர வேறு கொடுப்பதில்லை. ஆனால் உதவி செய்ய வந்தவளைப் பார்த்து அப்படிக் கேட்க அவருக்கு ஏன் தோன்றியது? எங்களைப் போல வந்த யார், என்ன சொல்லியிருப்பார்கள்? விஷத்தை அன்றைக்கே குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். அந்தக் கேள்வியை எங்கே புதைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.