அம்மாவின் பெயரில் ஒரு கருத்து

போன வாரம் கைபேசியில் எதையோ தேடப்போய் ஒரு பழைய சண்டைக் காட்சி எதிரே வந்து நின்றது. தொளதொள பேண்ட்டும் பக்கவாட்டில் திருப்பி வைத்த தொப்பியுமாக ஒருவன் தலையைத் தரையில் ஊன்றிப் பம்பரமாகச் சுற்றுகிறான். சுற்றிய வேகத்திலேயே எழுந்து நாலு பேரை உதைக்கிறான். பின்னணியில், பாட்டு என்றும் சொல்ல முடியாமல் பேச்சு என்றும் சொல்ல முடியாமல், ஒரு குரல் படபடவென்று பொரிந்துகொண்டே இருக்கிறது. கீழே நூற்றுக்கணக்கான பேர் கருத்து எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு உதை பிடித்திருந்தது. இன்னொருவருக்கு அந்தத் தாளம் பிடித்திருந்தது. மற்றொருவர், நடிக்கத் தெரியாதவனை ஆடவிட்டுத் தப்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தார். பொறுமையாக எல்லாவற்றையும் படித்தேன். அவன் போட்டிருந்த ஷூவைப் பற்றி ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த பிறகுதான் சிரிப்பும் வந்தது. அந்த ஷூவைப் பற்றி ஊர் கேட்க ஒரு கருத்து வரவேண்டியிருந்தது. அதை வரவிடாமல் செய்தவளே நான்தான்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. ஆம்பூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் தோல் பதனிடும் டேனரிக்குப் போவார்கள், மீதிப் பேர் ஷூ கம்பெனிக்குப் போவார்கள். அப்பா டேனரி. அம்மா கம்பெனியில், ஷூ தைப்பவர்கள் வரிசையாக உட்காரும் லைனில். எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனால் உள்ளே நுழைவதற்கு முன்னால், வாசலில் கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளைப் பார்ப்பார்கள். வெறுமனே பார்ப்பதில்லை, குனிந்து எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். கட்டைவிரலால் தோலை அமுக்குவார்கள், தையலைத் தடவுவார்கள், 'இது ஆடு, இது மாடு, இது வெறும் ரெக்ஸின்' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் மாப்பிள்ளை எப்படி என்று விசாரிப்பார்கள். வெளியூர் உறவுக்காரர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். எனக்கும் அந்த வயதில் அவமானமாகத்தான் இருக்கும். அம்மா செருப்பைக் கையில் எடுத்தால் நான் நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்வேன்.

எங்கள் ஊர் கேபிள்காரர் அந்தக் காலத்தில் சொந்தமாக ஒரு சேனல் நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, தமிழில் குரல் கொடுத்த வெளிநாட்டுச் சண்டைப் படம் ஒன்று போடுவார். நேயர்கள் தங்கள் கருத்தைத் தாளில் எழுதி, அவர் அலுவலக வாசலில் வைத்திருக்கும் அட்டைப் பெட்டியில் போட வேண்டும். புதன்கிழமை மாலை ஒரு நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அவரே அவற்றை வாசிப்பார். சிறந்த கருத்துக்கு ஒரு பாத்திரக் கடையின் பரிசு. புதன்கிழமை மாலை எங்கள் தெருவில் பேச்சுமூச்சே இருக்காது. எழுதினவர்கள் எல்லாம் டிவிக்கு முன்னால் இருப்பார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு போட்டதுதான், கைபேசியில் வந்து நின்ற அந்தப் படம். தமிழில் அதற்கு வைத்த பெயரில் ஒரு புலியும் கொஞ்சம் நெருப்பும் இருந்தன, மீதி நினைவில்லை. எங்கள் வீட்டில் நான், அம்மா, கூடவே தங்கியிருந்த மாமா. அம்மாவுக்குத் தம்பி. வாணியம்பாடியில் இரண்டு மாதம் கராத்தே வகுப்புக்குப் போய், சேர்ந்த அன்றே தரும் வெள்ளை பெல்ட்டோடு திரும்பி வந்தவர். அதனால் உலகத்துச் சண்டைகளுக்கெல்லாம் நடுவர். பக்கத்து வீட்டுக் காலாவும் வந்திருந்தார்கள். உருதுவில் சித்தி என்று அர்த்தம், தெருவே அவர்களை அப்படித்தான் கூப்பிடும். அவர்கள் வீட்டில் டிவி இல்லை. ஆனால் அபிப்பிராயம் ஜாஸ்தி.

"எல்லாம் கயிறு கட்டித் தூக்குறானுங்க" என்று மாமா ஆரம்பித்தார். "நெஜமான அடின்னா இப்டி திரும்பவே முடியாது."

காலாவின் கவலை வேறு. "ஏன்டி, இந்தப் புள்ளைக்கு அம்மா இல்லியா? பேண்ட்டு இடுப்புலயே நிக்கல பாரு. ஒரு பெல்ட்டு வாங்கிக் குடுக்க ஆளில்ல."

"காலா, அது ஸ்டைலு" என்றேன்.

"இன்னா ஸ்டைலோ. பாக்கவே பேஜாரா கீது."

அம்மா குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். படத்தை அரைக்கண்ணால்தான் பார்த்தாள். கதாநாயகனின் அண்ணனைக் கொன்றபோதுகூட அவள் தலையை நிமிர்த்தவில்லை. கடைசிச் சண்டை வந்தது. ஒரு பெரிய கிடங்கு, நடுவில் ஒரு டேப் ரெக்கார்டர், அதிலிருந்து வரும் தாளத்துக்கு ஏற்றபடி இவன் ஒவ்வொருவராக உதைக்கிறான். கடைசியில் வில்லனை நோக்கி எகிறுகிறான். படம் மெதுவாகிறது. வெள்ளை நிறத்தில், கணுக்கால் வரை உயர்ந்த அந்த ஷூ, பக்கவாட்டில் திரும்பி, திரை முழுவதும் நிறைகிறது.

"நிறுத்து! நிறுத்து!" என்று அம்மா எழுந்தே விட்டாள். மடியிலிருந்த வெங்காயம் தரையெல்லாம் உருண்டது.

கேபிளில் வரும் படத்தை யார் நிறுத்துவது? வில்லன் விழுந்தான், பாட்டு முடிந்தது, பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அம்மா டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

"அது எங்க லைன்ல போன ஷூடா" என்றாள்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன்க்கா, உலகத்துலயே ஷூ தைக்கறது உன் கம்பெனி ஒண்ணுதானா?"

அம்மா கோபப்படவில்லை. குதிகாலுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை, அதன்மேல் மூன்று வரிசைத் தையல் என்று பொறுமையாக விளக்கினாள். அந்த ஆர்டர் வந்தபோது மூன்றாவது வரிசை வளைவில் திரும்புகிற இடத்தில் நூல் பிரிந்துகொண்டே வந்ததாம். இரண்டு நாள் தைத்ததெல்லாம் ரிஜெக்ட். அம்மாதான் வளைவில் இரண்டு தையலை மட்டும் பழைய தையலின் மேலேயே ஏற்றி அடித்துப் பார்த்தாள். பிரியவில்லை. அன்றிலிருந்து அவள் லைனில் இருந்த எட்டுப் பெண்களும் அப்படியே தைத்தார்கள்.

"அந்த ரெண்டு தையலு டிவில தெரிஞ்சிச்சா உனக்கு?" என்றார் மாமா.

"எனக்குத் தெரிஞ்சிது" என்றாள் அம்மா. பிறகு யாரிடம் என்றில்லாமல் சொன்னாள். "பதினோரு வருசமா தைக்கறேன். ஒருத்தர் காலுல போட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

காலா மட்டும் எழுந்து வந்து அம்மாவின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். நான் தரையில் கிடந்த வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை.

அன்று சாயங்காலம், அதுவரை இல்லாத வழக்கமாக, அம்மா என்னை நோட்டை எடுக்கச் சொன்னாள். அம்மாவுக்கு எழுதத் தெரியும். ஆனால் தன் கையெழுத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. நானோ மாவட்ட அளவில் கட்டுரைப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியவள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தது அவள்தான்.

"எழுது பாப்பா. படம் பாத்தோம். சண்ட நல்லா இருந்துச்சி. அந்தப் பையன் போட்டுகினு இருந்த ஷூ எங்க லைன்ல தச்சது. பின்னால செவப்புப் பட்ட, மூணு வரிச. தச்சவங்க பேரு…" என்று ஆரம்பித்து, உட்காரும் வரிசைப்படி எட்டுப் பேருடைய பெயரையும் சொன்னாள். தன் பெயரை ஐந்தாவதாகச் சொன்னாள்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். "இதெல்லாம் ஒரு கருத்தாம்மா?"

"பின்ன இன்னா?"

"படத்தப் பத்திச் சொல்லணும்மா."

"ஷூவும் படத்துலதானே கீது?" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் வகுப்பில் எல்லா வீட்டிலும் புதன்கிழமை டிவி ஓடும். ஊரே படம் பார்க்க, இவள் அம்மா செருப்பைப் பார்த்தாளாம் என்று மறுநாள் பெஞ்சு பெஞ்சாகச் சிரிப்பார்கள். போதாக்குறைக்கு ரேஷன் கார்டு மாதிரி எட்டுப் பெயர்கள். எனக்கு அம்மாவை நினைத்து வெட்கமாக இருந்தது. அதை இப்போது எழுதுவதற்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கோ அம்மாவின் மானத்தை நான் காப்பாற்றுவதாகவே நம்பினேன். அவள் சொன்னதை எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் அவள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, கீழே என் கைவரிசையைக் காட்டினேன். மேலைநாட்டுத் துள்ளலிசையும் கீழைநாட்டு வீரக்கலையும் கைகோத்து நடைபோடும் இத்திரைக்காவியம், தீமையை நன்மை வெல்லும் என்னும் உயரிய உண்மையை இளைய தலைமுறைக்கு எடுத்தியம்புகிறது. இன்னும் எட்டு வரி. மறுநாள் பள்ளிக்கூடம் போகிற வழியில் பெட்டியில் போட்டுவிட்டுப் போனேன்.

புதன்கிழமை மாலை கம்பெனி பஸ் வந்து நின்றபோது அம்மா தனியாக வரவில்லை. லைனில் வேலை செய்யும் மூன்று பெண்கள் தங்கள் நிறுத்தத்துக்குப் போகாமல் அவளோடேயே இறங்கி வந்திருந்தார்கள். மற்றவர்கள் அவரவர் தெருவில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்தி மாமியாருக்கும் சொல்லி வைத்திருந்தாள். அம்மா திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்திலேயே எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்கிறாள். எட்டுப் பேர் பெயரும் டிவியில் வரும் என்று. அந்த எட்டுப் பெயரும் நான் கிழித்த தாளோடு போயிருந்தன. ஆனால் என் தமிழைக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேபிள்காரர் நாலைந்து கருத்துகளை வாசித்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அம்மாவின் பெயரைச் சொன்னார். வந்திருந்த மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். "மேலைநாட்டுத் துள்ளலிசையும்…" என்று தொடங்கி, மூச்சு வாங்க, ஏற்ற இறக்கத்தோடு கடைசி வரி வரைக்கும் வாசித்தார். இந்த வாரத்தின் சிறந்த கருத்து இதுதான் என்றார். பரிசு, ஒரு ஹாட் பாக்ஸ். அடுத்து விளம்பரம் வந்துவிட்டது.

"முடிஞ்சிச்சாக்கா?" என்றாள் அவர்களில் இளையவள். "நம்ம பேரு வரலியே?"

அம்மா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன். "இருங்க, டீ போடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். டீ வர ரொம்ப நேரம் ஆயிற்று.

வியாழக்கிழமை மாலை, அன்று பள்ளிக்கூடத்தில் கிடைத்த பாராட்டையெல்லாம் சொல்வதற்காக, பஸ் நிற்கும் முனைக்கே போய் நின்றேன். பஸ் நின்றது. அம்மா படியில் இறங்கிக்கொண்டிருக்க, சன்னலில் இருந்து ஒருத்தி கேட்டாள். "அப்டின்னா நீ சொன்னது பொய்யா? எங்க பேரெல்லாம் எழுதவே இல்லியா நீ?"

பஸ்ஸே அவளைப் பார்த்தது. அம்மா என்னையும் பார்த்தாள், அவர்களையும் பார்த்தாள்.

"நான் சொன்னத எம் பொண்ணு ஒரு எழுத்து வுடாம அப்டியேதான் எழுதுச்சி" என்றாள். "அந்த டிவிக்காரன்தான் எல்லாத்தயும் கிழிச்சிட்டு அவனா ஒண்ண எழுதிப் படிச்சிட்டான். அவனுக்கு இன்னா தெரியும் ஷூவப் பத்தி?"

"அதான பாத்தேன்" என்றாள் சன்னலில் இருந்தவள். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாவட்டத்தில் மூன்றாம் பரிசு வாங்கிய என் கையால் எழுதிய கருத்து, ஊரே பாராட்டிய கருத்து. அதைப் போய் டிவிக்காரன் எழுதியதாகச் சொல்லிவிட்டாளே! பத்துப் பேர் நடுவில் என் உழைப்பை எவனோ ஒருவனுக்குத் தாரை வார்த்துவிட்டாளே! வீடு வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. அன்றும் மறுநாளும் சாப்பிடவும் இல்லை. வெள்ளிக்கிழமை மாமா போய்ப் பரிசை வாங்கி வந்தார். சனிக்கிழமை காலையில் அம்மா அதில் எட்டுப் பேருக்கும் இட்லி அடுக்கினாள். "லைன்லயே இருக்கட்டும், எல்லாரும் வச்சிக்குவாங்க" என்றாள். அதற்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் பரிசு அது.

அம்மா மூடியைத் திருகி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வுடு பாப்பா. அதுக்குப் போய் ரெண்டு நாளா துண்ணாம கெடப்பாங்களா? போனா போவுது. நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கல" என்று என் தலையைத் தடவினாள்.

தப்புச் செய்தவள் ஒருவழியாக இறங்கி வந்துவிட்டாள் என்று எனக்கு மனசு ஆறியது. நானும் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, பெருந்தன்மையாக அம்மாவை மன்னித்தேன்.