ஆர்மெல் துடுப்புப் பிடித்த மதியம்

ஆர்மெல் திசோ இருபத்திரண்டு வருஷமாக மாவு லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். பிரான்சில் எந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவள் தாளில் பார்த்ததில்லை. எல்லாம் நாக்கில் இருந்தது. பிரெத்தான் கடற்கரையில் நின்றபடியே உறிஞ்சிய சிப்பிகள். ழூரா மலையடியில் ஓடைக்குமேல் தொங்கிய உணவகத்தில் தின்ற மீன், அதைப் பிடித்தவன் எதிரே உட்கார்ந்து, "எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் அவள் மென்று முடிக்கும்வரை பார்த்திருந்தான். லியோனில் மழை விடாத ஒரு நாள், வெங்காய சூப்பின் ஆவி சன்னலில் படிய, தெருவே தண்ணீருக்கடியில் மிதப்பதுபோல் தெரிந்தது. இதெல்லாம் நடந்ததா, ஓட்டுகிறபோது கண்ட கனவா என்று சில சமயம் அவளுக்கே பிரித்தறிய முடியாது.

தனி ஆள். அவள் வீட்டு அடுப்பில் காபித் தண்ணீர் தவிர எதுவும் கொதித்ததில்லை. யாராவது கேட்டால், "நாடு முழுக்க எனக்காக அடுப்பு எரியுது. நான் வேற எதுக்குத் தனியா ஒண்ணு மூட்டணும்?" என்பாள்.

மாதம் ஒருமுறை ஓப்ராக் மேட்டுநிலத்தைக் கடக்கும்போது நொயெமியின் உணவகத்தில் நிறுத்துவாள். நொயெமி சமைப்பாள், அவள் புருஷன் லெயோன்ஸ் பரிமாறுவார். மசித்த உருளைக்கிழங்கில் பூண்டும் வெண்ணெயும் புதுச் சீஸும் போட்டுக் கிண்டி, நீள மரத் துடுப்பால் தலைக்குமேல் தூக்குவாள் நொயெமி. உருகிய சீஸ் நூலாக, அறாமல் ஆளுயரத்துக்கு வரும். அதைப் பார்த்தாலே ஆர்மெலுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

அந்தப் பிப்ரவரியில் பனி கொட்டி சாலை மூடிக்கொண்டது. வெள்ளைக்குள் வெள்ளையாக ஊர்ந்து, எப்படியோ உணவக வாசலுக்கு லாரியைக் கொண்டுவந்து சேர்த்தாள். மாட்டு வியாபாரி அல்பானும் தபால்காரி யூகெத்தும் முன்பே வந்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். லெயோன்ஸ் மேல்கோட்டைக் கழற்றாமல் கணப்பருகே உட்கார்ந்திருந்தார். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.

"ரொட்டி இருக்கு. உப்புக்கறி இருக்கு. அடுப்பு மூட்டுறதில்ல," என்றார்.

"ஏன், நொயெமி எங்க?"

யூகெத் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள். பிறகு காதோடு சொன்னாள். நொயெமியைப் புதைத்து மூன்று வாரம் ஆகிறதாம். அன்றிலிருந்து அந்தக் கதவை லெயோன்ஸ் திறக்கவில்லையாம்.

வெளியே சத்தமில்லாமல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. ரொட்டியைப் பிட்ட ஆர்மெலின் கை பிட்டபடியே நின்றது. திடீரென்று எழுந்தாள்.

"கிழங்கு எங்க இருக்கு?"

"நீயா?" என்றார் லெயோன்ஸ். "உனக்கு முட்டை வேகவைக்கத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க சொல்லுங்க, செய்றேன்."

"நான் உள்ள வரமாட்டேன்."

"வராதீங்க. வாசல்ல நின்னு சொல்லுங்க."

"கடவுளே," என்றான் அல்பான், "என் மாடுங்க தேவல. வைக்கோலாவது கிடைக்கும்."

கதவைத் திறந்தாள். உள்ளே குளிர். ஆணியில் நொயெமியின் சமையல் மேலங்கி தொங்கியது. ஆர்மெல் அதைத் தொடவில்லை. அடுப்பை மூட்டினாள், கிழங்கு வெந்தது, மசித்தாள், வெண்ணெய் போட்டாள், சீஸைச் சீவிப் போட்டாள். லெயோன்ஸ் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"கட்டி கட்டியா நிக்குதே!" என்றாள் ஆர்மெல்.

"சும்மா சுத்தாத. எட்டு போடு."

"எட்டா?"

"எட்டு எழுதுற மாதிரி கிண்டு. அவ அப்படித்தான்..." நிலையைப் பற்றிக்கொண்டார். பிறகு, "தூக்கு. இன்னும் தூக்கு," என்றார்.

தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. வெண்ணெய் மணத்துக்கு நடுவே கருகல் வாடை எழுந்தது.

"ஐயோ, அடி பிடிக்குது!" என்று கத்தினாள்.

இரண்டே தாவலில் லெயோன்ஸ் உள்ளே வந்து பாத்திரத்தை இறக்கிவிட்டார். துடுப்பை அவள் கையிலிருந்து பிடுங்கி, ஓங்கித் தூக்கினார். நூல் நீண்டது, பளபளவென்று, அறாமல். தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மேலங்கியைப் பார்த்தார். துடுப்பைக் கீழே வைக்கவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்த அல்பானின் சட்டையை யூகெத் பிடித்து இழுத்தாள்.

நாலு பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

"நொயெமி இருந்திருந்தா இதை நாய்க்குக்கூடப் போட்டிருக்கமாட்டா," என்றார் லெயோன்ஸ். சொல்லிவிட்டு இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். கண்ணீர் மூக்கோரம் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமலே தின்றார்.

சாப்பாடு முடிந்ததும் கணப்புச் சூட்டில் அல்பான் குறட்டை விட்டான். வீடே மெல்ல எங்கோ நகர்வதுபோல ஆர்மெலுக்குத் தோன்றியது. பனியகற்றும் வண்டி வந்து வழியைத் திறந்துவிட்டபோது, கிளம்ப யாருக்கும் மனசில்லை.

ஈஸ்டருக்குப் பிறகு லெயோன்ஸ் உணவகத்தை மறுபடி திறந்தார். முதலில் வியாழக்கிழமை மட்டும், பிறகு எல்லா நாளும். அவரே சமைத்தார். ஆர்மெல் மாதம் தவறாமல் போனாள். இரண்டு பேரையும் சேர்த்துவைக்க அல்பான் விடாமல் பார்த்தான்.

"அவர் சமைப்பாரு, நீ சாப்பிடுவ. இதைவிடப் பொருத்தம் எங்க கிடைக்கும்?"

"போய் உன் மாட்டுக்கு வரன் பாரு," என்றாள் ஆர்மெல்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் அங்கே போகும் நாட்களில் உணவகத்தின் பின்வாசல் வழியாக நுழைய ஆரம்பித்தாள். கிழங்கு உரித்துக் கொடுத்தாள். சன்னலுக்கு வெளியே புல்வெளியில் மாடுகள் மேகம்போல் இடம் மாறிக்கொண்டிருக்கும். தண்ணீர் கொதிக்கும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.