அம்சா அக்கா குறித்த நேரம்

அம்சா அக்காவின் வேலை பாவு பிணைப்பது. தறியில் நெடுக்காக ஓடும் இழைகளான பாவு ஒன்று தீர்ந்ததும், மிஞ்சிய இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டுத் திரித்து இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். தொடங்கியவரே முடிக்க வேண்டும். நடுவில் கை மாறினால் நெய்யும்போது இழை அறும் என்பார்கள். காஞ்சிபுரத்தில் பலருக்கும் தெரிந்தது இது. நான் வயல்கள் சூழ்ந்த தென்னேரிக்காரி, எனக்குத் தெரியாது.

தெரியாமலேயே அவருடைய கோப்பில் 'தாய்க்கு அக்கறை இல்லை' என்று எழுதினேன்.

அவர் மகள் திரிஷாவுக்குப் பதினொரு வயது. பிரிந்துபோன அப்பாவைப் பார்க்க, பள்ளிச் சீருடையோடு தனியாக ஸ்ரீபெரும்புதூர் பேருந்தில் ஏறப் போனவளைப் போலீசார் நிறுத்தி, குழந்தைகள் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். அவளை வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்திலேயே வைத்துப் படிக்கவைப்பதா என்று குழந்தைகள் நலக் குழு வியாழக்கிழமை முடிவு செய்யும். களப்பணியாளரான என் அறிக்கையைப் பார்த்துத்தான் செய்யும். அம்சாவை மூன்று முறை அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். மூன்று முறையும் காலை பத்தரை மணி. ஒருமுறையும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை நானே அவர் வேலை செய்யும் தறி வீட்டுக்குப் போனேன். அவர் நிமிரவில்லை.

"உக்காருங்க மேடம். இன்னும் பாதி இருக்குது."

"உங்ககிட்ட பேசணும் அக்கா."

"பேசுங்க. கைக்குத்தான் வேல. காது சும்மாதான் இருக்குது."

தறிக்காரர் சிவராஜ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏன் வரலக்கா?"

"சாயங்காலம் வரட்டுமான்னு போன்ல கேட்டேன். அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடும்னு நீதான் சொன்ன. பாவ பாதில உட்டுட்டு வந்தா நாளைக்கு எவன் கூப்புடுவான்? அப்புறம் வருமானம் இல்லன்னு எழுதுவ." இழையைத் திரித்தபடியே கேட்டார்: "இப்ப என்னா எழுதி வச்சிக்கினு இருக்க? படி."

படித்தேன். அவர் விரல்கள் நின்றன.

"ஞாயித்துக்கெழம தவறாம போயி அவள பாத்துக்கினு வரேன். அங்க நோட்டுல கையெழுத்து போடறேன். அத பாத்தியாமா?"

நான் பார்க்கவில்லை.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். என் பள்ளியின் ஒரு பெற்றோர் கூட்டத்துக்கும் என் அம்மா வந்ததில்லை; நாற்று நடப் போயிருப்பார். அவரைப் பற்றி யாராவது இப்படி எழுதியிருந்தால் நான் எங்கே இருந்திருப்பேன்?

அங்கேயே அந்த வரியை அடித்தேன். 'மூன்று சந்திப்புகளையும் தாயைக் கேட்காமல் நான் குறித்தேன். மாலையில் வர அவர் கேட்டார். நான் மறுத்தேன்' என்று எழுதினேன். மேலதிகாரி கேட்பார். கேட்கட்டும்.

"வியாழக்கிழமைக்கு எந்தப் பாவும் ஒத்துக்கல நானு," என்றார் அம்சா. மறுபடி குனிந்துகொண்டார்.

வியாழக்கிழமை எனக்கு முன்பே வந்து நின்றார். குழுவில் ஒருவர் கேட்டார்: "பள்ளி விட்டதும் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?"

"பக்கத்து வூட்டு தில்லையம்மா பாத்துக்கும்ங்க. ஆறு மணிக்கு நான் வந்துருவேன். அப்பன பாக்கணும்னு அவ எங்கிட்டதான் மொதல்ல கேட்டா. முடியாதுன்னு கத்திட்டேன். அது என் தப்பு. இனிமே நானே கூட்டிக்கினு போறேன்."

திரிஷாவை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள். ஆறு மாதம், மாதம் ஒருமுறை நான் போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

வெளியே, மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அம்சா அக்கா என்னைப் பார்த்தார்.

"எப்ப வரட்டும்க்கா?" என்றேன்.

"ரெண்டாவது ஞாயித்துக்கெழம, சாயங்காலம் அஞ்சு. லேட்டா வராத."

ஞாயிறு எனக்கு விடுமுறை. குறித்துக்கொண்டேன்.