பதிவுத்தாளில் ஐந்து மில்லி

அண்ணனுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து மில்லி மோர்பின் வலிமருந்து கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது இரண்டரை மில்லி. ஆறு நாள்கள் அவ்வாறே கொடுத்துவிட்டு, பதிவுத்தாளில் ஒவ்வொரு வேளைக்கும் ஐந்து என்றே எழுதினேன்.

அறியாமையால் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அண்ணன் எங்கள் தீவிலிருந்து கடலுக்கு அப்பால் உள்ள பெருநிலத்தில், ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார்க் கூரைத்தகடு செய்யும் ஆலையொன்றில் முப்பது ஆண்டுகள் உழைத்தார். அந்தத் தூசி நுரையீரல் உறையில் தங்கி, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக வெளிப்பட்டது. குணப்படுத்த இயலாது, நோவைத் தணிக்க இயலும் என்று மருத்துவர்கள் கூறியபின், அங்கே சிம்பாங் அம்பாட்டில் இருந்த தம் வீட்டைப் பூட்டிவிட்டு என் ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். இருவருமே மனைவியை இழந்தவர்கள்.

நோய்த்தணிப்புப் பராமரிப்பு அமைப்பின் செவிலி வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். செவிலியரை இங்கே மிசி என்று அழைப்பது வழக்கம். மருந்துப் புட்டியைக் கையில் கொடுத்த அன்றே அவர் எல்லாவற்றையும் விளக்கினார். இது சாவை விரைவுபடுத்தும் மருந்தன்று. உரிய அளவில் கொடுத்தால் மூச்சுத் திணறலையும் தணிக்கும். வலி வரட்டும் என்று காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லும் எனக்கு விளங்காமல் இல்லை.

ஆயினும் அவர் படியிறங்கிச் சென்றதும் அச்சம் பிடித்துக்கொண்டது. போதைச்சரக்கால் மாண்ட ஓர் இளைஞனின் வழக்கில், பிணக்கூறாய்வு மருத்துவர் கூறியதை அவன் தாய்க்கு நான்தான் தமிழில் சொன்னேன்: மூச்சு சிறுகச் சிறுகக் குறைந்து நின்றுவிட்டது. அச்சொற்கள் என் வாயிலிருந்து வந்தவை. ஏற்கெனவே பாதி மூச்சோடு கிடக்கும் அண்ணனின் வாயில் அதே இனத்து மருந்தை என் கையால் ஊற்றுவதா? ஊசியில்லாத மருந்துக்குழலில் ஐந்து மில்லியை உறிஞ்சி, பாதியைக் கழுவுதொட்டியில் பீய்ச்சிவிட்டு மீதியை மட்டும் கொண்டுபோவேன். பிறகு கதவோரம் நின்று, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்திருப்பேன்.

“வலிக்குதா அண்ணே?”

“இல்லடா, சும்மா,” என்பார், கட்டில் சட்டத்தை இறுகப் பற்றியபடி.

அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் அவருடைய இழப்பீட்டு மனுவை எழுதிக் கொடுத்திருந்தேன். ஆலையின் பாதுகாப்புப் பதிவேட்டு நகலில், தொழிலாளர் அனைவரும் நாள்தோறும் முகக்கவசம் அணிந்ததாகக் குறியிட்டிருந்தார்கள். “மாஸ்க்கா? இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்குத்தான் பெட்டியவே தொறப்பாங்க லா,” என்று அண்ணன் சிரித்தார். அப்பதிவேடு கொலைக்கு நிகரான பொய் என்று மனுவில் எழுதினேன். எழுதிய அதே பேனாவால்தான் பதிவுத்தாளிலும் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டையும் அருகருகே வைத்து நினைக்க எனக்குத் துணிவில்லை.

ஏழாம் நாள் முற்பகலில் மிசி வந்தார். தாளைப் பார்த்தார்; அண்ணனின் வெளிறிய முகத்தைப் பார்த்தார்.

“டைம் தவறாம குடுத்தீங்களா அங்கிள்?”

“தாள்ல எழுதியிருக்கேன் மிசி.”

“ஃபுல் டோஸ் எடுத்தும் இவ்வளவு வலின்னா, பத்தலன்னு அர்த்தம்.” மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்பினார். “ஏழரைக்கு ஏத்தச் சொல்றாரு. மொத டோஸ் நானே குடுத்துட்டுப் போறேன்.”

குழலில் மருந்து ஏறியது. அவர் கணக்கில் அது ஒன்றரை மடங்கு. அண்ணனின் உடம்பு அறிந்த அளவுக்கோ மூன்று மடங்கு. நான் எதற்கு அஞ்சி ஆறு நாள் பொய் எழுதினேனோ, அதையே அந்தப் பொய் இப்போது கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தியது. மிசி குனிந்தார்.

“குடுக்காதீங்க!”

என் குரல் எனக்கே அயலாக ஒலித்தது. “எழுதினது பொய் மிசி. பாதிதான் குடுத்தேன். மீதிய சிங்க்ல ஊத்திட்டேன்.”

அவர் குழலைத் தட்டில் வைத்தார். “எத்தன வேள?”

“எல்லா வேளையும்.”

“எனக்குத் தெரியும் மிசி,” என்றார் அண்ணன். “முப்பது வருசம் மெசின்ல மீட்டர் பாத்தவனுக்குச் சிரிஞ்ச்ல கோடு தெரியாதா? ஏழரன்னதும் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள கோர்ட்டு ஐயா கத்திட்டாரு.”

“அப்ப இத்தன நாளு ஏன் சொல்லல அங்கிள்?”

“அவன் கதவோரம் நின்னு என் மூச்சையே பாத்துக்கிட்டு இருந்தத நீங்க பாக்கல. எனக்கு வலி, அவனுக்குப் பயம். ரெண்டுல எது பெருசுன்னு யாருகிட்ட போய்க் கேக்குறது?”

மிசி என் பக்கம் திரும்பினார். “பயப்படுற வீடு நெறையப் பாத்திருக்கேன் அங்கிள். பயமா இருந்தா போன் பண்ணுங்க, நடுராத்திரியா இருந்தாலும் பண்ணுங்க. ஆனா பொய் எழுதாதீங்க. நீங்க எழுதுனத நம்பித்தான் நான் மருந்து குடுக்கணும்.” சற்று நிறுத்திச் சொன்னார்: “ஆறு நாளு சும்மா வலி தாங்கியிருக்காரு.”



மிசி மருத்துவரை மீண்டும் அழைத்துக் கேட்டார். பழைய ஐந்து மில்லியே போதும் என்றாயிற்று. “நீங்களே குடுங்க. நான் ஒக்காந்து பாக்குறேன்,” என்றார். கொடுத்தேன். பின்னர், அண்ணனின் மார்பில் உள்ளங்கையை வைத்து மூச்சை எண்ணச் சொன்னார். நிமிடத்துக்கு இருபத்திரண்டு, சற்றுப் பொறுத்து இருபது, பின் பதினெட்டு. எண் குறையக் குறைய எனக்கு வியர்த்தது. “வலி எறங்குது, அதான் மூச்சும் நிதானமாகுது,” என்றார் மிசி. கட்டில் சட்டத்தைப் பற்றியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. அண்ணன் முனகலின்றி உறங்கினார். அவ்வுறக்கத்தைப் பார்க்கவே எனக்கு அச்சமாயிருந்தது.

அந்த நேரத்தில் தாளின் முப்பத்தாறு கட்டங்களிலும் ஐந்தை அடித்து, இரண்டரை என்றெழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையொப்பமிட்டேன். மிசி அதைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினார்.

நான்கு மணி நேரம் கழிந்தது. இம்முறை வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே.

“எவ்வளவுடா?” என்றார் அண்ணன்.

“அஞ்சு.”

“காட்டு.”

சாளர வெளிச்சத்தில் குழலைப் பிடித்தேன். கண்ணைச் சுருக்கிக் கோட்டைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். ஒரு துளியும் மீதி வைக்காமல் ஊற்றினேன். பின் அவர் மார்பில் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.