மாமாவின் இரண்டு கோப்புகள்

மாமாவுக்குக் கட்டி என்று ஒரு சிறுநீரகத்தை எடுத்தபோது, அந்தக் காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்கி, பக்க எண் போட்டு, பழுப்பு அட்டைக்குள் வைத்து நாடாவால் கட்டியவன் நான்தான். மாமா என் அக்காவின் கணவர். ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிட்டவர். நான் திண்டிவனத்தில் தாலுகா அலுவலகத் தலைமை எழுத்தராக ஓய்வுபெற்றவன். சில வருஷங்கள் தொல்லையில்லாமல் கழிந்ததும் அட்டையின் மேல் ‘முடிவுற்றது’ என்று எழுதி அவர் வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டேன். புற்றுநோய் என் கையெழுத்துக்குக் கட்டுப்படும் என்று எப்படித்தான் நம்பினேனோ.

பிறகு அவருக்கு முதுகுவலி வந்தது. புதுப் பொருளுக்குப் புதுக் கோப்பு. அலுவலக நடைமுறை அதுதான். திண்டிவனத்து எலும்பு மருத்துவரிடம் புது அட்டையை மட்டும் கொண்டுபோனேன். “சர்க்கரை, பிரஷர், வேற ஏதாவது?” என்று கேட்டார். மாமா வாயைத் திறந்தார். நான் அவர் கையை அழுத்திவிட்டு, “வேற ஒண்ணுமில்ல சார்” என்றேன். சம்பந்தமில்லாததைக் கோப்பில் சேர்ப்பது எனக்குப் பிடிக்காது.

இடுப்புக்கு பெல்ட், வலிக்கு மாத்திரை என்று ஐந்து வாரம் போயிற்று. ஒரு காலை வரப்பில் நடந்தவர் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். “காலு ரெண்டும் இருக்குது மச்சான், எங்கிட்டதான் இல்ல” என்றார்.

இம்முறை பழைய அட்டையையும் எடுத்துக்கொண்டு போனோம்; விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். பழைய நோய் முதுகெலும்புக்குப் பரவி, தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கே புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். முதுகை முழுதாகத் திறக்காமல், சிறு துளைகள் வழியே திருகாணி பொருத்தி எலும்பைத் தாங்கவைத்து, மெல்லிய குழாய் வழியாக நரம்பை அழுத்தும் பகுதியை எடுப்பார்களாம். காயம் சிறிதென்பதால் கதிர்வீச்சைச் சீக்கிரம் தொடங்கலாம்.

“இதனால நோய் போயிடாதுங்க. நடக்க முடியணும்னுதான் செய்யறோம்” என்றார் அறுவை மருத்துவர்.

“நடந்தா போதும் சார். பறந்து போற அளவுக்கு எனக்கு ஜோலி இல்ல” என்றார் மாமா.

மருத்துவர் சிரிக்கவில்லை. “கிட்னி ஆபரேஷன் பேப்பரை முதல்லயே காட்டியிருந்தா இவ்வளவு தூரம் விட்டிருக்க மாட்டாங்களே. யார் இதையெல்லாம் பார்த்துக்கறது?”

அக்கா பக்கத்தில் நின்றாள். எத்தனையோ பேரிடம் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பியவன் நான். கையிலிருந்த அட்டையின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினேன்.

“நான்தான் சார். ஊட்லயே வச்சிட்டு வந்துட்டேன்” என்றார் படுத்திருந்த மாமா.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் அவரை எழுப்பி நிற்கவைத்தார்கள். வலது கால் திரும்பி வந்தது. இடது கால் கடைசிவரை இழுத்துக்கொண்டேதான் இருந்தது. அந்த ஐந்து வாரம் வீணாகாமல் இருந்திருந்தால் அதுவும் வந்திருக்குமா என்று நான் எந்த மருத்துவரிடமும் கேட்கவில்லை.

அந்தப் போகத்து மல்லாட்டை பிடுங்கும்போது கோலூன்றிக் கொல்லைக்கு வந்தார். “ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?” என்று அங்கேதான் கேட்டேன்.

“உங்கக்கா திட்றது எனக்குப் பழக்கம். உன்னைத் திட்டினா நீ பதில் கடுதாசி எழுதிக்கினு உக்காந்துடுவ.”

அடுத்த விதைப்புக்கு அவர் இல்லை.

இப்போதும் யாராவது வந்தால் அக்கா ஆரம்பித்துவிடுவாள்: “எங்க ஊட்டுக்காரரு எல்லாம் தெரிஞ்ச மனுஷன், அந்த ஒரு பேப்பர் கட்டை எடுத்துக்கினு போகத் தெரியலையே. அஞ்சு வாரம் பாழாப்போச்சு.” வந்தவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நானும் அவர்களோடு தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.